வெறும் சட்டிக்குத் தண்ணீர்

“பதினேழு செத்துப்போச்சு, தம்பி. மூணுதான் மிச்சம். எதனாலன்னு சொல்லுங்க.”

வாசலில் நின்றபடியே மரகதவல்லி கேட்டாள். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. கையில் ஒரு தட்டு. தட்டில் இருபது சின்னச் செடித்தொட்டிகள்.

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ தண்ணி விடறீங்க?”

“நாலு தடவ. வெயில் ஜாஸ்தின்னா அஞ்சு.”

“சரி.”

“என்ன சரி?”

அவன் செத்த செடி ஒன்றைத் தொட்டியோடு கவிழ்த்தான். ஈர மண் கட்டியாக விழுந்தது. அதிலிருந்து ஒரு வேரைப் பிடித்து இழுத்தான். தோல் அவன் விரலோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அதை அவள் மூக்கருகே நீட்டினான்.

அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். முப்பத்துநாலு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்குத் தெரியாதா?

“அழுகல்,” என்றாள்.

“ஆமாங்க. தண்ணியில மூழ்கிச் செத்திருக்கு.”

மரகதவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது.

யாரிடமும் இப்படி ஒரு பேச்சு அவள் கேட்டதில்லை. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருந்தவள். மாதம் நிறையாமல் பிறந்து, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிற வார்டு அது. ‘மரகதம் சிஸ்டர் டியூட்டில இருக்காங்களா?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெரிய டாக்டரே வீட்டுக்குக் கிளம்புவார்.

அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும். உழைத்துச் சம்பாதித்த பெருமை.

ஓய்வுபெற்ற அன்று வார்டுப் பெண்கள் சேர்ந்து அவளுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை கொடுத்தார்கள். இறுக மூடிய குடுவைக்குள், கூழ் மாதிரி ஒன்றில் வேர் பதித்து, இருபது ஆர்க்கிட் நாற்றுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

“இனிமே இதுங்கதான் உங்க பிள்ளைங்க, சிஸ்டர். உங்க கையில எதுவும் சாகாது,” என்றாள் சின்ன நர்ஸ் எப்சிபா.

ஏற்காட்டில் தன் பங்குக்கு வந்த சின்ன வீட்டுக்கு அந்தக் குடுவையோடுதான் குடிவந்தாள் மரகதவல்லி. நாற்றுகளை எடுத்து, நல்ல கறுப்பு மண்ணாகப் பார்த்துத் தொட்டிகளில் நட்டாள். பொழுதுக்கும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள்.

அவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வார்டிலிருந்து எப்சிபா போன் பண்ணுவாள். “நம்ம பிள்ளைங்க எப்படி இருக்காங்க, சிஸ்டர்?”

“நல்லா இருக்காங்க.”

ஒரு சாவை மறைத்துப் பேசியது அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு பொன்னுரங்கத்தைத் தேடி வந்தாள்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. அவள் மகனைவிட இரண்டு வயது சின்னவன். விடியற்காலையில் பால் வண்டியைச் சேலத்துக்கு இறக்குவான். பதினொரு மணிக்குத் திரும்பி மலையேறி வந்துவிடுவான். அதற்குமேல் அவனுக்குச் செடிதான். தகரக்கூரை வீட்டைச் சுற்றி முந்நூறு ஆர்க்கிட் செடிகள் தொங்கின. பேச்சு மட்டும் ரொம்பக் குறைச்சல்.

“மூணையும் இங்க வெச்சுட்டுப் போங்க,” என்றான்.

“நான் என்ன செய்யணும்?”

பொன்னுரங்கம் உள்ளே போய் ஒரு மண்சட்டி எடுத்து வந்தான். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட சட்டி. அதில் ஓட்டுத்துண்டு, அடுப்புக்கரி, மரப்பட்டைத் துண்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நிரப்பினான். அவளிடம் நீட்டினான்.

“செடி எங்க?”

“செடி இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

“இதுக்குத் தண்ணி ஊத்துங்க. இது காஞ்சிருக்கா, குடிச்சிருக்கான்னு கண்ண மூடிட்டுச் சொல்ல முடியறப்ப வாங்க.”

மேட்டுப்பாதையில் வீடு திரும்புகிறவரை அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வெறும் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றவா முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தாள்?

ஆனாலும் ஊற்றினாள். எடுத்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

ஒரு நோட்டில் கோடு போட்டு, தேதி, நேரம், வெயில், பனி, காற்று என்று எழுதினாள். நோயாளிக்கு எழுதுகிற மாதிரியே. பக்கத்து வீட்டு அம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, “என்னங்க, சட்டி முளைக்குமா?” என்று சிரித்தாள். மரகதவல்லி நிமிரவில்லை.

மேலே தொட்டால் காய்ந்திருக்கும். ஊற்றப் போவாள். தூக்கிப் பார்த்தால் கனக்கும். கை நின்றுவிடும்.

பனி மூடிய வாரத்தில் ஒரு தரம் ஊற்றியது நாலு நாள் தாங்கியது. காற்றடித்த வாரத்தில் மறுநாள் மாலையே சட்டி பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது வாரம் அவள் நோட்டைத் திறக்கவில்லை. போகிற போக்கில் சட்டியைத் தூக்குவாள், வைப்பாள், போய்விடுவாள்.

வாரத்துக்கு ஒரு நாள் தன் மூன்று நாற்றுகளைப் பார்க்கப் பொன்னுரங்கம் வீட்டுக்குப் போவாள். அவன் அவற்றை மண்ணிலிருந்து எடுத்து, கரித்துண்டில் கட்டி, கூரை இறவாரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான். வேர் அந்தரத்தில் கிடந்தது.

ஒரு நாள் அவன் வீட்டில் இல்லை. வண்டியில் ஏதோ பழுது, வரத் தாமதம்.

நாற்றுகளின் இலை சுருங்கியிருந்தது. வேர் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

வாளியில் தண்ணீர் இருந்தது. ஒரு குவளை மொண்டு ஊற்றினாள். மூன்றுக்கும்தான் ஊற்றினாள். கடைசி நாற்றின் இலைக்கு நடுவில் தண்ணீர் குளமாக நின்றது. அன்றைக்குப் பனி இறங்கியது. மூன்று நாள் விலகவில்லை.

அடுத்த வாரம் போனபோது இரண்டு நாற்றுகள்தான் தொங்கின. மூன்றாவது ஆணி வெறுமனே இருந்தது.

“ஒண்ணு எங்க, தம்பி?”

“குருத்துல தண்ணி நின்னு அழுகிடுச்சு.”

அவ்வளவுதான் சொன்னான். யார், எப்போது என்று கேட்கவில்லை. வேறு ஏதோ செடியின் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். தூறல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிவரும் பொய்யோடு இதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

“நான்தான் ஊத்தினேன்,” என்றாள்.

பொன்னுரங்கம் திரும்பினான். பிறகு ஆணியிலிருந்து இரண்டு நாற்றுகளையும் கழற்றி அவள் முன்னால் வைத்தான்.

“இத எடுத்துட்டுப் போங்க. இனிமே உங்க வீட்ல இருக்கட்டும்.”

“கொன்னவகிட்டயா குடுக்கறீங்க?”

“சொன்னவங்ககிட்ட குடுக்கறேன்.”

அவள் நாற்றுகளை எடுக்கக் குனிந்தாள்.

“அதுக்கு முன்னாடி கண்ண மூடுங்க, சிஸ்டர்.”

அவன் ஐந்து சட்டிகளை வரிசையாக வைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கினாள்.

“இது இன்னைக்குக் குடிச்சது.”

“ம்.”

“இது முந்தாநாள். இது காஞ்சு கெடக்கு, உடனே ஊத்தணும். இதுக்கு நாளைக்கு ஊத்தினாப் போதும்.”

ஐந்தாவது சட்டியைத் தூக்கியவள் கீழே வைக்கவில்லை. கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றாள்.

“இது சரியில்ல, தம்பி. தலை லேசா இருக்கு. அடி கனக்குது. உள்ள எங்கயோ தண்ணி கட்டி நிக்குது.”

பொன்னுரங்கம் அந்தச் சட்டியை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தான். ஓட்டையைப் பாசி அடைத்திருந்தது. குச்சியால் குத்தினான். பழைய தண்ணீர் கொடகொடவென்று வெளியே வந்தது.

அவன் வேண்டுமென்று அடைத்துவைத்த சட்டி இல்லை அது. அவனுக்கே தெரியாது.

“எப்படிங்க தெரிஞ்சுது?”

“வார்டுல தராசு கெட்டுப்போனா குழந்தைய என் கையிலதான் குடுப்பாங்க. பத்து இருபது கிராம்தான் முன்னப்பின்ன இருக்கும்.”

சொல்லும்போது அவள் குரல் பழைய குரலாக இருந்தது. வார்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கிற குரல்.

அன்று பிற்பகல் அவன் அவளுக்கு நாற்றைச் சட்டியில் வைக்கச் சொல்லிக்கொடுத்தான். கத்தியை நெருப்பில் காட்டி அவளிடமே நீட்டினான்.

“கெட்ட வேரை மட்டும் வெட்டுங்க. நல்ல வேர் மேல கத்தி படக்கூடாது.”

நாற்றின் வேர்கள் தையல் நூல் பருமன்தான் இருந்தன. அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். கை நடுங்கவில்லை. கெட்டது நாலு, நல்லது ஆறு. ஆறிலும் ஒரு கீறல் இல்லை.

பொன்னுரங்கம் ஒரு குட்டிச் சட்டியை நகர்த்திவைத்தான். டீ கிளாஸ் அளவு.

“இவ்ளோ சின்னதா? வளர எடம் வேண்டாமா?”

“மொதல்ல பிடிச்சுக்க எடம் வேணும்.”

அவள் நாற்றை நடுவில் நிறுத்தி, கரியையும் பட்டையையும் ஒவ்வொன்றாகச் சுற்றிலும் செருகினாள். ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

அவன் வெகுநேரம் அந்தச் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இந்தக் கை எனக்கு வராதுங்க,” என்றான்.

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு மேட்டுப்பாதை மேடாகவே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்சிபா போன் பண்ணினாள். “நம்ம பிள்ளைங்க எப்படி இருக்காங்க, சிஸ்டர்?”

“பதினெட்டு போயிடுச்சு, எப்சி. இத்தன நாளா உங்கிட்ட பொய் சொன்னேன். ரெண்டுதான் இருக்கு.”

எப்சிபா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வார்டுக்குள் கத்துவது கேட்டது.

“ஏய், ரெண்டு பொழச்சிருக்காம்டீ!”

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓடியது.

இரண்டும் வளர்ந்தன. டீ கிளாஸிலிருந்து சொம்பு அளவுச் சட்டிக்கு மாறின. இலை உள்ளங்கை அகலம் ஆனது. மரகதவல்லி வீட்டு ஜன்னலோரம் அவற்றுக்குத் துணையாக இன்னும் நாற்பது செடிகள் சேர்ந்தன. ஊரில் யார் செடியாவது வாடினால், பொன்னுரங்கம் வண்டியோட்டப் போயிருக்கிற நேரத்தில், அவளிடம் கொண்டுவந்தார்கள். தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

நாலாவது வருஷம் கார்த்திகையில் பொன்னுரங்கம் கூரையில் நிழல்வலை கட்ட ஏணி போட்டு ஏறினான். பாசியில் ஏணி வழுக்கியது. விழுந்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

ஆபரேஷன் பண்ணிக் கம்பி வைத்தார்கள். மூன்று மாசம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். ஆத்தூரில் அவன் அக்கா வீட்டில் போய்ப் படுத்தான். முந்நூறு செடியும் மரகதவல்லி பொறுப்பு.

சனிக்கிழமை தோறும் அவள் பஸ் ஏறி ஆத்தூர் போய் அவனைப் பார்த்தாள். காலைத் தொட்டுப் பார்ப்பாள், வீக்கம் பார்ப்பாள், அக்காவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வாள். அவன் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“மூலையில இருக்கறவன் எப்படி இருக்கான்?”

“மத்த செடியப் பத்தி ஒரு வார்த்த கேக்கக் காணோமே?”

“மத்தத நீங்க பாத்துக்குவீங்க.”

வீட்டின் பின்மூலையில், காற்றுப் படாத இடத்தில், ஈரச்சாக்கு சுற்றித் தொங்கிய காட்டு ஆர்க்கிட்டைத்தான் கேட்டான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புயலில் மலைப்பாதையில் மரம் சாய்ந்தபோது, லாரிச் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்ததை அவன் சட்டையில் சுற்றி எடுத்து வந்தான். பிழைக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் பிழைக்கவைத்தான். அது தண்டு தண்டாகப் பருத்தது, நுனியில் குட்டிச் செடிகள்கூட விட்டது. பூ மட்டும் ஒன்றுகூடப் பூத்ததில்லை.

“அவனுக்கு விடியக்காலம் தண்ணி தெளிக்கணும். சாக்கு காயவே கூடாது. குளிர்காத்துல வெச்சுடாதீங்க.”

“தம்பி, இந்த ஜாதிய மழ நின்னதும் சொட்டுத் தண்ணி காட்டாம காயவிடணும்னு நீங்கதான எனக்குச் சொன்னீங்க? அப்பதான் பூக்கும்னு?”

“மத்ததுக்குச் சொன்னேன். இவன் தாங்க மாட்டான், சிஸ்டர்.”

மரகதவல்லி வாதாடவில்லை. அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். பிள்ளை தேறிய பிறகும் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகராத எத்தனை தாய்மார்களைப் பார்த்திருக்கிறாள்.

மலைக்குத் திரும்பியதும் நேரே பின்மூலைக்குப் போனாள். சாக்கை அவிழ்த்தாள். வேரைப் பார்த்தாள். தண்டை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கட்டைவிரல் பருமன், கல் மாதிரி இறுக்கம். நசுங்கிய தழும்பு ஒரே இடத்தில்தான் இருந்தது, அதுவும் ஆறி வருஷங்கள் ஆகியிருந்தன.

கீழே வைத்துவிட்டு, அது எதிரிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போனால் பொன்னுரங்கத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

எழுந்து அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். முற்றத்துக் கொய்யா மரத்தில், காற்றும் வெயிலும் அடிக்கிற கிளையில் கட்டினாள்.

மார்கழியில் இலை மஞ்சளானது. தை பிறந்ததும் உதிரத் தொடங்கியது. தினமும் காலையில் குவளையும் கையுமாக மற்ற செடிகளைச் சுற்றிவருவாள். கொய்யா மரத்தடியில் வந்ததும் நிற்பாள். தண்டைத் தொடுவாள். இறுக்கம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். குறையவில்லை. குவளையைச் சாய்க்காமல் நகர்ந்துவிடுவாள். சில நாள் நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பாள்.

கடைசி இலையும் உதிர்ந்தது. மொட்டைத் தண்டுகள் காற்றில் ஆடின.

ஆத்தூரில் அவன் கேட்டான். “மூலையில இருக்கறவன்?”

“இருக்கான்,” என்றாள். மேற்கொண்டு சொல்லவில்லை.

மாசி பாதியில் பொன்னுரங்கம் வந்துவிட்டான். அக்கா வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து இறக்கினார். கைத்தடி ஊன்றி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தான். முன்பக்கம் தொங்கிய செடிகளைத் தொட்டுக்கொண்டே போனான். நின்று பார்க்கவில்லை. பின்மூலைக்குப் போனான்.

ஆணி இருந்தது. மடித்துவைத்த சாக்கு இருந்தது. செடி இல்லை.

அவன் நிறம் மாறிவிட்டது.

“எங்க, சிஸ்டர்?”

மரகதவல்லி முற்றத்தைக் காட்டினாள்.

கொய்யாக் கிளையில் ஓர் இலைகூட இல்லாத அந்தத் தண்டுகளில், கணுவுக்குக் கணு, அடியிலிருந்து நுனிவரை, பூத்திருந்தது. வெள்ளைப் பூ, உள்ளே இளஞ்சிவப்பு. தண்டு தெரியவில்லை. மூன்று தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

பொன்னுரங்கம் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

செடியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டான்.

“என்ன வைத்தியம் பண்ணீங்க?”

மரகதவல்லி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“டிஸ்சார்ஜ் பண்ணிட்டேன்.”